வீட்டு வடிகாலைக் காக்கும் நுண்ணுயிர்கள்: காஸ்டிக் சோடாவுக்கு விடைகொடுப்போம்

குடல் நோய் மருத்துவர்கள் சாக்கடை அடைப்பைப் பற்றிக் கட்டுரை எழுதுவது வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், அடைப்பை நீக்குவதற்கென்று வீட்டில் வாங்கி வைக்கப்படும் காஸ்டிக் சோடாவும் ஆசிட்டும் உடலின் உள்ளே உண்டாக்கும் புண்களுக்கு மருத்துவம் செய்யும் பொறுப்பு எங்கள் துறையையே சேர்ந்தது. பாட்டிலில் ஊற்றி வைக்கப்பட்டதைத் தண்ணீர் என்று எண்ணிக் குடித்துவிட்ட குழந்தைகள், இரவில் விளக்கைப் போடாமல் கைக்கு எட்டியதை எடுத்துக் குடித்த முதியவர்கள், குழாயில் கொட்டிய தூள் பொங்கித் தெறித்ததால் கண் பாதிக்கப்பட்டவர்கள் எனப் பலர் இவ்வாறு மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்படுகின்றனர். இவை அனைத்தும் தவிர்க்கக்கூடிய துன்பங்களே.

தவிர்ப்பதற்கு உறுதியான வழி, அப்பொருள் வீட்டுக்குள் வராமல் இருப்பதுதான். அது வராமல் இருக்க வேண்டுமானால் வடிகால் அடைபடாமல் இருக்க வேண்டும். அதற்குத் துணைபுரியும் இயற்கையான பாக்டீரியாக்களையும் நொதிகளையும் பற்றி, அவற்றால் இயல்வது எது, இயலாதது எது என்பதையும் சேர்த்து, இங்கு விளக்குகிறோம்.

வடிகாலை அடைப்பது எது?

சமையலறைக் குழாயில் அடைப்பை உண்டாக்குவது பெரும்பாலும் எண்ணெயும் நெய்யுமே. சூடாக இருக்கும்போது நீராக ஓடும் கொழுப்பு, குளிர்ந்த குழாயின் சுவரைத் தொட்டதும் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. அதன் மேல் சோற்றுக் கஞ்சியின் மாவுப்பொருளும், இட்லி மாவுப் பாத்திரம் கழுவிய நீரும், பருப்பும், காப்பித்தூளும் படிகின்றன. நாள்தோறும் ஓர் இழை அளவே சேர்ந்தாலும், சில மாதங்களில் குழாயின் வாய் பாதியாகச் சுருங்கிவிடுகிறது.

குளியலறைக் குழாயில் நிலைமை சற்று வேறு. அங்கே உதிர்ந்த தலைமுடி வலைபோலப் பின்னிக்கொள்கிறது. உப்பு மிகுந்த கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் உள்ள கால்சியம், சோப்புடன் சேர்ந்து கரையாத வெண்படிவமாக மாறி அம்முடியின் மேல் ஒட்டுகிறது.

வைகாசிப் பிரம்மோற்சவத்தில் கருட சேவைக்கு வரும் உறவினர்களால் நம் ஊர் வீடுகள் நிறையும் நாட்களில், ஏற்கெனவே சுருங்கியிருந்த குழாய் ஒரே நாளில் முற்றிலும் அடைபடுவதுண்டு. அடைப்பு அன்று தோன்றியதன்று; அன்று வெளிப்பட்டது, அவ்வளவே.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய தொல்லையும் அன்று. 2017ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் வைட்சேப்பல் பகுதியில், பாதாளச் சாக்கடைக்குள் கொழுப்பும் கழிவும் இறுகிய ஒரு கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 250 மீட்டர். எடை ஏறத்தாழ 130 டன். வீடுகளிலும் உணவகங்களிலும் இருந்து சிறிது சிறிதாக ஊற்றப்பட்ட எண்ணெயே அதற்குக் காரணம்.

பட்டு கற்பிக்கும் பாடம்

காஸ்டிக் சோடா எவ்வாறு அடைப்பை நீக்குகிறது? கொழுப்பை அது சோப்பாக மாற்றுகிறது; முடியில் உள்ள புரதத்தைக் கரைக்கிறது; நீருடன் சேரும்போது கடும் வெப்பத்தையும் வெளியிடுகிறது. இவை மூன்றும் குழாய்க்குள் நிகழும்போது பயனுடையவையாகத் தோன்றுகின்றன. ஆனால், நம் உடலும் கொழுப்பாலும் புரதத்தாலும் ஆனதே.

இதைக் காஞ்சிபுரத்தாருக்கு விளக்கப் பட்டைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. கச்சாப் பட்டிழையின் நடுவே ஃபைப்ராயின் என்னும் இழைப்புரதம் உள்ளது. அதைச் செரிசின் என்னும் பசைப்புரதம் போர்த்தியிருக்கிறது. எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்தப் பசையே. சோப்பும் சலவைச் சோடாவும் கலந்த கொதிநீரில் இட்டுப் பசையை நீக்கிய பின்னரே நூலுக்கு மென்மையும் ஒளியும் வருகின்றன. சாயமும் சீராகப் பிடிக்கிறது. காரம் சற்றுக் கூடினாலும், நேரம் சற்று மிகுந்தாலும், பசையோடு நில்லாமல் இழையும் நலிந்துவிடும். சலவைச் சோடாவைவிடப் பன்மடங்கு கடுமையான காஸ்டிக் சோடாவின் ஐந்து விழுக்காட்டுக் கரைசலில் பட்டைக் கொதிக்கவைத்தால், இழையே முற்றிலும் கரைந்து மறைந்துவிடும். துணி ஆய்வுக்கூடங்களில் பட்டையும் பருத்தியையும் பிரித்தறிய இச்சோதனையையே பயன்படுத்துகின்றனர்.

எது பசை, எது இழை என்று காஸ்டிக் சோடா பார்ப்பதில்லை. நொதி பார்க்கும். அதனாலேயே, புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைக் கொண்டு மிதமான சூட்டில் செரிசினை மட்டும் நீக்கி, இழையைக் காக்கும் முறையைப் பட்டுத் தொழில்நுட்ப ஆய்வாளர்கள் உருவாக்கியுள்ளனர். வடிகாலுக்கும் இதே வேறுபாடு பொருந்தும்.

உணவுக்குழாயில் நிகழ்வது

காஸ்டிக் சோடா ஒரு வாய் உள்ளே சென்றாலும், உணவுக்குழாயின் உட்சுவர் சில நொடிகளிலேயே கரையத் தொடங்குகிறது. காரத்தின் இயல்பு, மேலோடு நில்லாமல் ஆழ ஊடுருவுவது. ஆசிட்டோ பெரும்பாலும் இரைப்பையை மிகுதியாகத் தாக்குகிறது. முதல் நாட்களின் ஆபத்து, சுவரில் துளை விழுவதும் மூச்சுப்பாதை வீங்குவதும். அவற்றைக் கடந்து வந்தவர்களுக்கும் துன்பம் முடிவதில்லை. புண் ஆறும்போது தழும்பு சுருங்கி, சில வாரங்களில் உணவுக்குழாய் குறுகிவிடுகிறது. சோறு இறங்காது, பின்னர்க் கஞ்சியும் இறங்காது. எண்டோஸ்கோபி வழியாக அக்குறுகலை மீண்டும் மீண்டும் விரிக்க வேண்டியிருக்கும். சிலருக்கு அது ஆண்டுக்கணக்கில் தொடரும். பல பத்தாண்டுகளுக்குப் பின் அவ்விடத்தில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் கூடுகிறது.

நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்காவில், சோப்புக் காய்ச்சவும் வடிகாலைத் துப்புரவு செய்யவும் காஸ்டிக் சோடா வீடுதோறும் இருந்தது. அதை விழுங்கிய குழந்தைகளுக்கு மருத்துவம் செய்துவந்த பிலடெல்பியா நகரத் தொண்டை மருத்துவர் செவாலியர் ஜாக்சன், மருத்துவம் மட்டும் போதாது என்று உணர்ந்து, அத்தகைய பொருள்களின் மேல் நச்சு எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும் எனப் பல ஆண்டுகள் போராடினார். 1927ஆம் ஆண்டில் அதற்கான கூட்டாட்சிச் சட்டம் அங்கு நிறைவேறியது. எச்சரிக்கை அச்சிட்ட டப்பாவிலிருந்து அப்பொருளை வேறு பாட்டிலுக்கு மாற்றும்போது, அப்பாதுகாப்பை நாமே கழற்றி எறிந்துவிடுகிறோம்.

நொதியும் பாக்டீரியாவும் செய்யும் பணி

எங்கள் நோயாளிகளின் குடும்பத்தார் பலருக்கு அமைலேஸ், லைபேஸ் என்னும் பெயர்கள் புதியன அல்ல. கடும் வயிற்றுவலியுடன் வருவோருக்குக் கணைய அழற்சி உள்ளதா என்று அறிய, இரத்தத்தில் நாங்கள் அளக்கும் நொதிகள் அவை. கணையம் சுரக்கும் அமைலேஸ் மாவுப்பொருளையும், லைபேஸ் கொழுப்பையும், புரோட்டியேஸ் வகை நொதிகள் புரதத்தையும் சிறு கூறுகளாக உடைக்கின்றன. வடிகாலுக்கென விற்கப்படும் நொதிக் கலவையிலும் இதே வகை நொதிகளே உள்ளன. நம் குடலில் நிகழும் செரிமானமே குழாயிலும் நிகழ்கிறது எனலாம்.

ஆனால், நொதி மட்டும் போதாது. லைபேஸ் கொழுப்பை உடைத்தாலும், அதனால் உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் நீரோடு சென்று குழாயின் வேறோர் இடத்தில் மீண்டும் படியக்கூடும். அவற்றை உணவாகக் கொண்டு கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்ற உயிருள்ள பாக்டீரியா தேவை. இதற்குப் பெரும்பாலும் மண்ணில் இயல்பாக வாழும் பேசில்லஸ் வகையைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் பயன்படுகின்றன. இவை வறட்சியைத் தாங்கும் விதைபோன்ற உறக்க நிலையில் தூளாகவோ திரவமாகவோ அடைக்கப்படுகின்றன. ஈரமும் உணவும் கிடைத்ததும் விழித்தெழுந்து, பெருகி, தமக்கு வேண்டிய நொதிகளைத் தாமே சுரக்கின்றன.

இவ்வகை நுண்ணுயிர்களின் ஆற்றலுக்குத் தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு. சியாச்சின் போன்ற உறைபனிப் பகுதிகளில் பணிபுரியும் படைவீரர்களின் கழிவைச் செரிக்க, பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் காற்றில்லா நிலையில் வாழும் பாக்டீரியாக் கலவை ஒன்றை உருவாக்கியது. அதுவே பின்னர் இரயில் பெட்டிகளின் உயிரிக் கழிப்பறைகளில் இடம்பெற்றது. 2016ஆம் ஆண்டு ஜூலையில், மானாமதுரைக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 114 கிலோமீட்டர் பாதை, தண்டவாளத்தில் மனிதக் கழிவு விழாத நாட்டின் முதல் இரயில் பாதையாக அறிவிக்கப்பட்டது.

மாவு புளிப்பதற்கு ஓர் இரவு

நுண்ணுயிர் செய்யும் வேலைக்கு நேரம் வேண்டும். இதை நம் ஊர்ப் பெண்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. குடலை இட்லிக்கு அரைத்த மாவு பொங்குவதற்கு ஓர் இரவு பொறுத்திருப்பவர்கள் அவர்கள். அதே பொறுமையை வடிகாலுக்கும் காட்ட வேண்டும். பயன்படுத்தும் முறை வருமாறு:

• இரவில் கடைசிப் பாத்திரமும் துலக்கி முடிந்த பின், உறையில் குறிப்பிட்ட அளவை வெதுவெதுப்பான நீரில் கலந்து குழாயில் ஊற்றவும். கொதிநீர் கூடாது, அது நொதியையும் வளரத் தொடங்கிய பாக்டீரியாவையும் கெடுத்துவிடும்.

• அதன்பின் ஆறு முதல் எட்டு மணி நேரம் அக்குழாயில் நீர் விடாதிருக்கவும்.

• தொடக்கத்தில் ஒரு வாரம் நாள்தோறும், பின்னர் வாரம் ஒருமுறை எனத் தொடரலாம். உறையில் வேறு அளவு கூறப்பட்டிருப்பின் அதையே பின்பற்றவும்.

• பிளீச்சிங் பவுடர், ஆசிட், பினாயில் போன்ற கிருமிநாசினிகளை அதற்கு முந்தைய நாளும் மறுநாளும் அக்குழாயில் ஊற்ற வேண்டாம். கிருமிகளை அழிப்பவை இந்த நல்ல நுண்ணுயிர்களையும் அழித்துவிடும்.

ஆண்டின் பெரும்பகுதி வெப்பமாக இருக்கும் நம் ஊர்த் தட்பவெப்பம் இவற்றின் வளர்ச்சிக்கு ஏற்றதே.

இவற்றின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். முற்றிலும் அடைபட்டு நீர் தேங்கி நிற்கும் குழாயை இவை திறக்கமாட்டா. தலைமுடியை இவை மிக மெதுவாகவே சிதைக்கும். மணல், பிளாஸ்டிக் உறை, நூல் கழிவு, சாம்பல் ஆகியவற்றை ஒன்றும் செய்யமாட்டா. அத்தகைய நிலையில், தொட்டியின் அடியிலுள்ள வளைகுழாயைக் கழற்றிக் கழுவுவது, ரப்பர்க் கிண்ணம் பொருத்திய கோலால் அழுத்தி இழுப்பது, பிளம்பரை அழைத்துச் சுருள்கம்பியால் எடுப்பது ஆகியவையே உரிய வழிகள்.

மேலும், நுண்ணுயிர் எதுவும் செய்வதற்கு முன்பே நாம் செய்யக்கூடியவை உள்ளன. வாணலியிலும் தட்டிலும் உள்ள எண்ணெயைப் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் இட்ட பின்னரே கழுவ வேண்டும். பொரித்து மீந்த எண்ணெயைக் குழாயில் ஊற்றலாகாது. தொட்டியின் வாயிலும் குளியலறை வடிகால் வாயிலும் சல்லடைத் தட்டு பொருத்த வேண்டும். இம்மூன்றையும் கடைப்பிடிக்கும் வீட்டில் நுண்ணுயிர்க்கு மிகுதியான வேலை இராது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

இயற்கையானது என்பதனாலேயே ஒரு பொருள் எவருக்கும் தீங்கற்றது ஆகிவிடாது. 1960களின் இறுதியில் பிரிட்டனில், நொதி கலந்த சலவைத் தூள் தயாரித்த ஆலைத் தொழிலாளர்கள் சிலருக்கு, அத்தூளைச் சுவாசித்ததால் ஆஸ்துமா ஏற்பட்டது. ஆகவே, ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ உள்ளவர்கள் தூள் வடிவத்தைத் தவிர்த்துத் திரவ வடிவத்தைப் பயன்படுத்துவது நன்று. புற்றுநோய்க்கு மருந்து பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோர் இவ்வேலையை வீட்டில் மற்றவரிடம் விட்டுவிட வேண்டும். ஏனையோரும் கையுறை அணிந்து, பின்னர்ச் சோப்பால் கை கழுவுதல் வேண்டும்.

வீட்டில் தயாரிக்கும் பயோ என்சைம்

வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை அல்லது சாத்துக்குடித் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து மூன்று மாதம் புளிக்கவைக்கும் கரைசல் இன்று பல வீடுகளில் தயாராகிறது. இதைப் பற்றி எங்களிடம் வினவுவோர் உண்டு. புளித்த பின் இது பெரும்பாலும் காடியைப் போன்ற மென்மையான அமிலக் கரைசலாகவே இருக்கிறது. துர்நாற்றத்தைக் குறைக்கவும் தரை துடைக்கவும் உதவும். அடைப்பை நீக்கும் ஆற்றலை இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

சில எச்சரிக்கைகள் மட்டும். புளிக்கும்போது வாயு உண்டாவதால் கண்ணாடிப் பாட்டிலை இறுக மூடி வைத்தால் அது வெடிக்கக்கூடும். பழச்சாறு போன்ற நிறமும் மணமும் இதற்கு இருப்பதால், குளிர்பானப் பாட்டிலில் வைத்தால் குழந்தைகள் ஏமாறுவர். மேலும், அமிலமான இதனைப் பிளீச்சிங் பவுடருடன் சேர்க்கவே கூடாது.

கழிவுநீர்த் தொட்டிக்குப் பாக்டீரியா வேண்டுமா?

செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் பாக்டீரியாத் தூள், சாணம், ஈஸ்ட் முதலியவற்றைப் போடும் வழக்கம் உண்டு. இதற்குத் தேவையில்லை. மனிதக் கழிவிலேயே வேண்டிய அளவு பாக்டீரியா உள்ளது. எதைச் சேர்த்தாலும், அடியில் வண்டல் படிவது நிற்காது. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற உறிஞ்சு வாகனத்தைக் கொண்டு அதை அகற்றியே ஆக வேண்டும். தொட்டிக்குச் செய்யத்தக்க நன்மை, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் மிகுதியாக ஊற்றி அங்குள்ள பாக்டீரியாவை அழிக்காமல் இருப்பதே.

தொட்டிக்குள் ஒருபோதும் மனிதர் இறங்கக் கூடாது. அங்கு உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அளவு மிகும்போது மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குபவர் சில மூச்சுகளில் மயங்கி வீழ்வார். ஆசிட் ஊற்றினால் வண்டலில் இருந்து இவ்வாயு மேலும் கிளம்பும். 2019ஆம் ஆண்டு மார்ச்சில், நம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூர் அருகே, கழிவுநீர்த் தொட்டியில் முதலில் இறங்கியவரையும் அவரைக் காப்பாற்ற அடுத்தடுத்து இறங்கியவர்களையும் சேர்த்து ஆறு பேர் உயிரிழந்தனர். பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. இவ்வாறு இறப்போரின் குடும்பத்துக்கு வழங்க வேண்டிய இழப்பீட்டை 2023ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. எந்தத் தொகையும் ஓர் உயிருக்கு ஈடாகாது. நம் வீட்டுக் குழாய்களில் எண்ணெயும் துணியும் பிளாஸ்டிக்கும் போகாமல் தடுப்பது, தெருவின் பாதாளச் சாக்கடையில் அடைப்பெடுக்க வருபவருக்கும் நாம் செய்யும் பாதுகாப்பாகும்.

விபத்து நேர்ந்தால்

• காஸ்டிக் சோடாவையோ ஆசிட்டையோ விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உள்ளே சென்றபோது சுட்டது, வெளியே வரும்போதும் மீண்டும் சுடும்.

• முறிவு மருந்து என்று எண்ணி எலுமிச்சைச் சாறு, மோர், உப்புநீர், சோடா எதையும் கொடுக்காதீர்கள். வாயை நீரால் கொப்பளித்துத் துப்பச் செய்யுங்கள். எதையும் வலிந்து புகட்ட வேண்டாம்.

• வாயில் புண் இல்லை என்பதால் உள்ளேயும் இல்லை என்று கருதாதீர்கள். உடனே 108ஐ அழைத்து மருத்துவமனைக்கு வாருங்கள். குடித்த பொருளின் டப்பாவையோ பாட்டிலையோ தவறாமல் கொண்டுவாருங்கள்.

• கண்ணில் பட்டால், இமையை விரித்துப் பிடித்து, ஓடும் நீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவிய பின்னரே புறப்படுங்கள். இங்கு ஒவ்வொரு நொடியும் பார்வையைக் காக்கிறது.

• தோலில் தூள் பட்டிருந்தால், உலர்ந்த துணியால் தட்டி அகற்றி, நனைந்த உடையைக் களைந்து, நிறைய நீர் விட்டுக் கழுவுங்கள்.

• ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்து நெடி கிளம்பினால் அது குளோரின் வாயு. அனைத்தையும் விட்டுவிட்டுக் காற்றோட்டமான இடத்துக்கு உடனே வெளியேறுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ நீடித்தால் மருத்துவமனைக்கு வாருங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

வீட்டில் ஏற்கெனவே காஸ்டிக் சோடாவோ ஆசிட்டோ இருப்பின், எங்கே, எதில் வைக்கப்பட்டுள்ளது என்று இன்றே பாருங்கள். வேறு பாட்டிலுக்கு மாற்றப்பட்டிருந்தால் அதன் மேல் பெயர் எழுதி, பூட்டுள்ள அலமாரியில் உயரத்தில் வையுங்கள். இது அபாயமான வீட்டுக் கழிவு. குப்பையோடு கலக்காமல் தனியே கட்டி, இன்னது என்று சொல்லி, மாநகராட்சியின் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படையுங்கள். அது தீர்ந்த இடத்தில் மீண்டும் ஒரு பொட்டலம் வாங்கி வைக்காதீர்கள்.

அங்கே ஒரு சல்லடைத் தட்டும், பழைய செய்தித்தாளும், ஒரு புட்டி நுண்ணுயிர்க் கலவையும் போதும். பாக்டீரியா ஓர் இரவு எடுத்துச் செய்யும் வேலையைக் காஸ்டிக் சோடா அரை மணியில் முடிக்கலாம். ஆனால் அந்த அரை மணி நேரச் சிக்கனத்துக்காக ஒரு குழந்தை ஆண்டுக்கணக்கில் சோறு விழுங்க இயலாமல் தவிக்க வேண்டியதில்லை.